கை பொறுக்கும் சூடு

ஈஜிபுரத்தில், இரவு பதினொன்று பத்துக்கு
சகாயமேரியின் லில்லி கன்று போட்டாள்.
கிடேரி. நெற்றியில் சுண்ணாம்பு தொட்டது போல் ஒரு பொட்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது லில்லி படுத்திருந்தாள்,
கழுத்தை விலாவுக்கு மடித்து,
காது ஐஸ் மாதிரி.
பால் காய்ச்சல் என்று பெயர்தான்,
உடம்பு குளிரும்.
குழந்தை இயேசு மாட்டியிருந்த ஆணியில்
கால்சியம் பாட்டிலைத் தொங்கவிட்டேன்.
படத்தை மேரி மடியில் வைத்துக்கொண்டாள்.

காம்பைப் பிழிந்தால்
அரை டம்ளர்கூட இல்லை.

கன்று எழுந்தது, விழுந்தது,
என் முழங்கையைக் காம்பென்று சப்பியது.
தொப்புளை அயோடினில் முக்கினேன்.
ஒரு வாசல் அடைத்தாயிற்று.
இன்னொன்று திறந்திருந்தது,
அதைத்தான் சீக்கிரம் நிரப்ப வேண்டும்.

"விடிஞ்சதும் பாக்கெட் பால் குடுக்கலாமா மேடம்?"

மனுஷப் பிள்ளை
வயிற்றில் இருக்கும்போதே தாயிடம்
கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு வருகிறது.
மாட்டின் கருப்பைச் சுவர் கறார்,
காவலுக்கு ஒரு ஆளைக்கூட உள்ளே விடாது.
கன்று வெறுங்கையோடு வந்து
எங்கள் சாக்கடை ஓரத்தில் விழுகிறது.
அதன் குடல் முதல் நாள் மட்டும் சல்லடை.
மணிக்கு மணி கண் அடைபடும்.
நாளை இந்நேரம் அது வெறும் குடல்.
பால் செரிக்கும். காவல் ஏறாது.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"ஆகாது" என்றேன்.

மேரி படத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி,
என் முகத்தைப் பார்க்காமல்,
"புட்டசாமி ஃப்ரீசர்ல இருக்கும்" என்றாள்.
"நம்ம ரோசியோடது."

போன மாதம் ரோசி போட்டது காளைக்கன்று.
நாலு லிட்டர் சீம்பாலும்
கிண்ணு செய்ய நீலசந்திரா போனது.
பையனுக்கு ஸ்கூல் பீஸ்.
ஒன்பதாம் நாள், கழிந்து கழிந்து, கன்று அடங்கியது.
அன்றைக்கும் வந்தவள் நான்தான்.
காளைதானே என்று
ஊசி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள்.

லில்லி ஏப்பம் விட்டாள். சாணி போட்டாள்.
அதைப் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுத்தேன்.
சிக்னல் பக்கத்தில் ரோந்து போலீஸ்:
"இந்நேரத்துக்கு எங்கே?"
"கன்னுக்குப் பால் வாங்க."
ஊதச் சொன்னார்.

புட்டசாமி ஷட்டரைப் பாதி தூக்கினான்.
ஆரஞ்சு கூல்டிரிங்க் பாட்டில்கள் இரண்டு,
உள்ளே மஞ்சளாய் உறைந்த கட்டி.
"காலையில கல்யாண ஆர்டர், மேடம்."
விற்ற விலைக்கு மூன்று மடங்கு கேட்டான்.
கொடுத்தேன்.
நான் கிளம்பும்போது சொன்னான்:
"சுடுதண்ணில வெக்காதீங்க, இறுகிப்போகும்."

அவனுக்குத் தெரிந்தது ஆவியில் கெட்டிப்படும் பக்குவம்.
கெட்டிப்படுகிறவர்களில் பாதிப் பேர்
காவல்காரர்கள் என்பது எனக்குத் தெரியும்.
தட்டில் வெட்டிவைத்த துண்டு துண்டாய்,
ஏலக்காய் மணத்தோடு, இறுகிப்போன காவல்.

பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர்.
ஆறினால் மாற்று, ஆறினால் மாற்று.
மேரியும் நானும் பேசிக்கொள்ளவில்லை.
மூன்று இருபதுக்குக் கன்று ரப்பர் காம்பைப் பிடித்தது.

ரோசி இந்தச் சந்தில் ஏழு வருஷம்.
கோமாரி வந்த வருஷம்,
தோலெல்லாம் கட்டி கட்டியாய் வீங்கிய வருஷம்,
மழையில் சாக்கடை கொட்டகைக்குள் ஏறிய ராத்திரி,
கல்யாண மண்டபத்து எச்சில் இலை,
எல்லாவற்றோடும் மோதி, ஒவ்வொன்றின் முகத்தையும்
மறக்காமல் வைத்திருந்தாள்.
தன் கன்றுக்குத்தான் வைத்திருந்தாள்.

மடக் மடக்கென்று இரண்டு லிட்டர்.
வால் ஆடியது.
லில்லி தலையைத் தூக்கி
யாருடைய பாலென்று மோந்து பார்த்தாள்.

"எவ்வளவு குடிச்சா போதும் மேடம்?"
"முதல் மூணு லிட்டர் கன்னுக்கு. லில்லி எழுந்ததும் இன்னொரு லிட்டர் கற."
"மிச்சத்தை விக்கலாமா?"
கொஞ்சம் யோசித்தேன்.
"விக்கலாம்."

காலி பாட்டிலை ஆணியிலிருந்து எடுத்தேன்.
படத்தை அவள் மாட்டினாள்.
கோணலாய்த்தான் நின்றது.
சரிசெய்ய இருவருக்கும் கை ஓயவில்லை,
ஒன்றில் பக்கெட்,
ஒன்றில் கன்று.